ரோசாவுக்கு இல்லாத தோட்டம்

1

இந்த வைகாசியோடு நான் லண்டனுக்கு வந்து இருபத்தாறு வருடங்கள். வருடாவருடம் அந்த நாள் வருகிற கிழமையில் என் மனைவி வதனி பாயசம் வைப்பாள். இங்கே வந்து சேர்ந்ததற்காகவா, உயிரோடு வந்ததற்காகவா என்று நாங்கள் ஒருநாளும் பேசித் தீர்மானித்ததில்லை. பாயசத்தில் கஜு நிறைய இருக்கும், அதுவே போதும் என்று விட்டுவிட்டோம். இந்த வருடம் எங்களோடு இருந்து அந்தப் பாயசத்தைக் குடித்தவர் ஈக்குவடோர் நாட்டுப் பெண்மணி ஒருவர். ரோசா என்று பெயர். அவர் பரீட்சைக்குப் போன கதையை ஊரில் இருக்கிற நீங்கள் வாசிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

நானும் ரோசாவும் பார்க்கிங்கில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் மதியச் சாப்பாடு சமைக்கிறோம். பார்க்கிங் என்றால் கார் விடுகிற இடமில்லை, கிழக்கு லண்டனில் ஓர் ஊர். முன்னூறு பிள்ளைகள் வரிசையில் வருவார்கள். அதில் பாதிப் பேருக்குப் பச்சை நிறத்தில் எதைக் கண்டாலும் ஆகாது. சமையற்கூடத்துக்குப் பொறுப்பானவர் டெபி என்கிற வெள்ளைக்காரப் பெண். நல்ல மனம், ஓயாத வாய்.

மாசி மாதத்தில் ஒரு காலை டெபி ஒரே மூச்சில் ரோசாவுக்கு நாலு வேலை சொன்னார். பட்டாணியை அடுப்பில் வை, அந்தத் தட்டுகளை வெளியே எடு, உனக்கொரு தேநீர் ஊற்றிக்கொள், குகனுக்குக் குறுக்கே நிற்காதே. குகன் நான்தான். தமிழில் எழுதும்போது நாலுக்கும் நாலு வினைச்சொல் வேண்டியிருக்கிறது. டெபியின் வாயில் நாலும் ஒரே இங்கிலிஷ் சொல், கெட் (get). அகப்பையைக் கையில் பிடித்தபடி ரோசா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்த் தனக்கொரு தேநீர் ஊற்றிக் குடித்தார். அன்றைக்குப் பட்டாணி பிந்தித்தான் வெந்தது.

"தேத்தண்ணி எண்டது மட்டும் விளங்கினது, குகன். விளங்கினதைச் செய்தன்" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். நானும் ரோசாவும் பேசிக்கொள்வது உடைந்த இங்கிலிஷ். இருவரும் இரண்டு பக்கத்திலிருந்து உடைப்போம். அதை அப்படியே எழுதினால் வாசிக்கிற உங்களுக்குத் தலையிடி வரும், ஆகவே எங்கள் தமிழிலேயே தருகிறேன். ரோசா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் போலத் தெரிந்தால் பிழை என்னுடையது.

பட்டாணி பிந்தினதற்கு டெபி ஏசவில்லை. ஆனால் ரோசாவின் முகம் அன்று முழுக்கத் தெளியவில்லை. பானைகளைக் கழுவும்போது காரணத்தைச் சொன்னார். அவருடைய கணவர் லண்டனிலேயே பிறந்த ஸ்பானியர், லொறி ஓட்டுகிறார். வீட்டில் பேச்செல்லாம் ஸ்பானிய மொழிதான். கணவரின் விசாவில் வந்த ரோசாவுக்கு இப்போது நிரந்தர வதிவிடம் கேட்கிற காலம் வந்துவிட்டது. அதற்கு ஒரு இங்கிலிஷ் பேச்சுப் பரீட்சை பாஸ் பண்ணவேண்டும். தை மாதம் ஒரு முறை போய்ப் பெயிலாகிவிட்டார். விசா முடிவதற்குள் இன்னொரு முறை போகலாம். அதிலும் பெயிலானால் மறுபடி விசாவை நீட்டி, இன்னும் இரண்டரை வருடம் தற்காலிக ஆளாகவே இருக்கவேண்டும்.

"என்ன கேட்டவை?" என்றேன்.

அயலவர்களோடு ஒத்துப்போகிறீர்களா என்று அந்தப் பரீட்சகப் பெண் கேட்டிருக்கிறார். அதற்கும் இங்கிலிஷில் கெட் போட்டு, கெட் ஒன் என்றுதான் சொல்வார்கள். பஸ்ஸில் ஏறுவதற்கும் அதே சொற்கள்தான். ரோசா நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்கட அயலவையிட்டக் கார் இருக்கு, நான் மட்டும்தான் பஸ்ஸில ஏறுறனான்" என்று பதில் சொல்லியிருக்கிறார்.

நான் சிரித்துவிட்டேன். ரோசாவும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைச் சிரிப்பில் வந்த கண்ணீர் என்று நான் நினைக்கவில்லை.

2

கெட் என்ற இந்த வினைச்சொல் ஸ்பானிய மொழிக்காரருக்கு ஏன் இத்தனை கஷ்டம் என்பதைப் பிறகு ரோசாவே விளங்கப்படுத்தினார். அவர்களுடைய அகராதி அதற்குத் தருகிற முதல் பொருள் பெறுதல். கடிதத்தைப் பெறலாம், சம்பளத்தைப் பெறலாம். ஆனால் இங்கிலிஷ்காரர் கலியாணத்தையும் கோபத்தையும் பெறுகிறார்கள். வழி தவறுவதும், வயது போவதும், காய்ச்சல் மாறுவதும், வீட்டுக்கு வந்து சேருவதும், ஒரு பகிடி விளங்குவதும் எல்லாம் கெட்.

"கலியாணத்தைப் பெற்றன் எண்டால், தந்தது ஆர்?" என்று கேட்டார் ரோசா.

"மாமியார்" என்றேன்.

"எங்கட பாஷையில கலியாணத்துக்கு ஒரு சொல்லு, கோவத்துக்கு ஒரு சொல்லு, வழி தவறுறதுக்கு ஒரு சொல்லு. ஒவ்வொண்டும் தன்ர தன்ர வீட்டில இருக்கும். இங்க எல்லாம் ஒரே அறைக்குள்ள கிடக்குது."

"நானும் வந்த புதுசில ஈஸ்ட் ஹாமில ஏழு பேரோட ஒரு அறையில இருந்தனான்."

"அப்ப உங்களுக்கு இது விளங்கும்" என்றார் ரோசா, நம்பிக்கையோடு.

எனக்கு அந்த அறை நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு நகைக்கடைக்கு மேலே. கட்டில் வாங்க எவருக்கும் மனம் வரவில்லை, எல்லோரும் மெத்தையை நிலத்தில் போட்டுப் படுத்தோம். கட்டில் வாங்கிய மறுநாள் போகச் சொன்னால் என்ன செய்வது? என் அகதி விசாரணைக்கு மூன்று தரம் கூப்பிட்டு மூன்று தரமும் திகதி மாற்றினார்கள். ஒவ்வொரு தரமும் ஒரே உடுப்பைத் தோய்த்து மினுக்கிப் போட்டுக்கொண்டு போனேன். அனுமதி கிடைத்த பிறகு நான் செய்த முதல் காரியம், பார்க்கிங் சந்தைக்குப் போய் ஒரு மரக் கட்டில் வாங்கியது. அதை ஏணிப்படியால் மேலே ஏற்ற முடியவில்லை. கடைக்காரனும் நானும் ஒரு மணித்தியாலம் அந்தப் படிக்கட்டில் மல்லுக்கட்டினோம். அப்படியொரு சந்தோஷமான ஒரு மணித்தியாலம் எனக்கு அதற்கு முன் லண்டனில் கிடைத்ததில்லை.

ஆகவே ரோசாவின் பிரச்சினை எனக்கு வெறும் இங்கிலிஷ் பிரச்சினையாகத் தெரியவில்லை. "நான் படிப்பிக்கிறன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னபோது வதனி சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா, நீங்கள் இங்கிலிஷ் படிப்பிக்கப் போறியளோ? டாக்டரிட்டப் போய் முழங்கால் நோ எண்டதைச் சொல்ல மகளைக் கூட்டிக்கொண்டு போற ஆள்."

"அது வேற. இலக்கணம் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

"ஓம், தண்ணி பட்ட பாடுதான். ஒண்டும் ஒட்டேல்லை" என்றாள்.

3

எங்களுடைய காலத்தில் யாழ்ப்பாணத்தில் இங்கிலிஷ் படித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும். டியூட்டரி என்கிற தனியார் வகுப்பில் வாங்குக்குப் பத்துப் பேராக நெருக்கி இருப்போம். வெளியே வானத்தில் எது பறந்தாலும் உள்ளே பாடம் நடக்கும். மாஸ்டர் ஒரு வரியைச் சொல்ல, இருநூறு பேர் அதைத் திருப்பிச் சொல்வோம். கருத்து எப்போதாவது பிறகு வரும், முதலில் வரி வாயில் ஏறவேண்டும். கட்டுரையும் அப்படித்தான். ‘எனது பொழுதுபோக்கு’ என்று தலைப்பு வந்தால் எல்லோருக்கும் ஒரே பொழுதுபோக்கு, தோட்டம் செய்தல். காலையில் எழுந்து செடிகளுக்கு நீர் ஊற்றுவோம், பூக்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கும், அம்மா புதிய காய்கறி கண்டு மகிழ்வார். எங்கள் வீடு யாழ்ப்பாண ரவுணில் கடைத்தெருவுக்குப் பின்னால். சீமெந்து முற்றம், ஒரு புல்லுக்கூட முளைக்காது. ஆனாலும் எனக்கு அந்தக் கட்டுரையில் ஒரு சொல் பிசகாது. சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலிஷ் பாஸ் பண்ணியது அந்தத் தோட்டத்தால்தான்.

அதே முறையைத்தான் ரோசாவிடம் கையாண்டேன். அவர் பானை கழுவ, நான் உருளைக்கிழங்கு தோல் சீவ, பாடம் நடந்தது. கெட் அப், எழும்புதல். கெட் லொஸ்ட், வழி தவறுதல். கெட் மரீட், கலியாணம். நான் ராகத்தோடு சொல்ல ரோசா ராகத்தோடு திருப்பிச் சொன்னார். இரண்டு கிழமையில் வரிசையில் நிற்கிற பிள்ளைகளும் சேர்ந்து சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சின்ன வகுப்புப் பையன் ஒருவன் தட்டை நீட்டி, "கெட் லொஸ்ட், மிஸ்" என்று பாட, அவனுடைய ரீச்சர் பாய்ந்து வந்தார். ‘தொலைந்து போ’ என்கிற அர்த்தமும் அதற்கு உண்டு என்பதை நான் பாடத்தில் சேர்த்திருக்கவில்லை. டெபி தலையிட்டுச் சமாளித்தார்.

பரீட்சையில் முதலில் ஒரு விஷயத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவேண்டும். விஷயத்தை நாங்களே தெரிவு செய்யலாம். பிறகு பரீட்சகர் அதைப் பற்றிக் கேள்வி கேட்பார். விஷயத்தை நாமே தெரிவு செய்யலாம் என்றதும் எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. தோட்டத்தைக் கொடுத்தேன். முப்பத்தைந்து வருடம் கழித்தும் ஒரு வரி மறக்கவில்லை. இடையிடையே கெட்டை மட்டும் நுழைத்தேன். காலையில் எழும்புகிறேன், கெட் அப். தோட்டத்துக்குள் போகிறேன், கெட் இன்ரு. பூக்கள் பெரிதாகின்றன, கெட் பிக்.

ரோசா பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"குகன், எனக்குத் தோட்டம் இல்லையே. மூண்டாம் மாடி."

"எனக்கும் இருக்கேல்லை. பாஸ் பண்ணினனான்."

"ஒரு பூச்சாடிகூட இல்லை. நான் செடி வாங்குறேல்லை."

"ஏன்?"

"மண் உள்ள சாமான் ஒண்டும் வாங்குறேல்லை. நாளைக்குப் போ எண்டு சொன்னால் சூட்கேசில வைக்க ஏலுமே? ஆரிட்டக் குடுத்திட்டுப் போறது? ஆர் தண்ணி ஊத்துவினம்?"

அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கை அடுத்த பானைக்குப் போய்விட்டது. எனக்கு நகைக்கடைக்கு மேலே நிலத்தில் கிடந்த அந்த மெத்தைகள் ஞாபகம் வந்தன. ஆனால் பாடத்தை நிறுத்தவில்லை. பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது, என் தோட்டத்தை விட்டால் வேறு ஒன்றும் என்னிடம் இல்லை.

4

எனக்கு ஒரே மகள், ஆரணி. நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு முன் சிநேகிதிகளோடு ஸ்ட்ரெதமுக்குக் குடிபோனாள். வீட்டிலிருந்து லண்டனின் மறுகோடி. முதலில் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். பிறகு ஒன்றுவிட்ட ஞாயிறு. இப்போது பாயசம், பிறந்தநாள், முழங்கால் நோ என்று ஏதாவது காரணம் வேண்டும். எனக்கு அவளில் கோபம் இல்லை. பாசமான பிள்ளை. ஆனால் அவள் வந்துபோன பிறகு, நாங்கள் பேசியது என்ன என்று யோசித்தால் சாப்பாட்டையும் ரயிலையும் பற்றித்தான் பேசியிருப்போம். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலிஷில் பதில் சொல்வாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சனிக்கிழமைகளில் அழஅழக் கூட்டிக்கொண்டு போனதற்கு மிஞ்சியது ‘அப்பா’, ‘அம்மா’, ‘சோறு காணும்’ ஆகிய மூன்றும்தான் என்று வதனியிடம் பலதடவை குறைப்பட்டிருக்கிறேன்.

பாயசம் வைக்கிற ஞாயிறுக்கு ரோசாவையும் கூப்பிட்டோம். பரீட்சை அடுத்த வியாழன். ஆட்டிறைச்சிக் குழம்பும் சோறும் சாப்பிட்டு, பாயசம் குடித்து முடிந்ததும் நான் சொன்னேன்.

"ரோசா, ஒருக்கால் ஆரணிக்குச் சொல்லிக் காட்டுங்கோ."

ரோசா எழும்பிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் டியூட்டரியில் நின்ற அதே நிலை. எப்படி அவருக்கு வந்ததோ தெரியவில்லை, என்னைப் பார்த்துத்தான் பழகியிருக்கவேண்டும். கண்ணைச் சுவரில் குத்தி, ஒரு இடத்தில் கூடத் தடக்காமல் தோட்டத்தை முழுக்கச் சொல்லி முடித்தார். பூக்கள் சிரித்தன, அம்மா மகிழ்ந்தார். நான் பெருமையோடு மகளைப் பார்த்தேன். ஆரணி கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

"ரோசா அன்ரி, அழகாகச் சொன்னீங்கள்" என்றாள் இங்கிலிஷில். "தோட்டத்தில் எந்தப் பூ?"

ரோசா என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளாகத் தோட்டம் செய்கிறீங்கள்? போன வருடம் பனிக்கு எது செத்தது?"

ரோசா மறுபடி என்னைப் பார்த்தார்.

"அப்பா, அவவுக்குத் தோட்டமே இல்லைத்தானே? பரீட்சகர் இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்பார். பாடமாக்கிச் சொல்லுகிறார் என்று தெரிந்தால் மார்க்ஸும் போடமாட்டார்கள்."

வதனி எழுந்து போய்ப் பாயசக் கோப்பைகளை எடுத்தாள். எனக்கு முகம் சுட்டது. ஒரு மனுஷியின் இரண்டரை வருடத்தை என்னுடைய பழைய தோட்டத்தில் கொண்டுபோய்ப் புதைக்கப் பார்த்திருக்கிறேன். இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

"அப்ப நான் என்ன கதைக்கிறது?" என்றார் ரோசா. குரல் இறங்கிவிட்டது.

ஆரணி அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். "உங்களுக்கு என்ன செய்ய நல்லா வரும்?"

"ஒண்டுமில்லை."

"நேற்று வேலையில் என்ன செய்தீங்கள்?"

"நேற்றுச் சனிக்கிழமை."

"சரி, வெள்ளிக்கிழமை."

ரோசா மெல்லச் சொல்லத் தொடங்கினார். பச்சைக் காய்கறி தொடாத பிள்ளைகளை அவர் எப்படிச் சாப்பிடப் பண்ணுகிறார் என்ற கதை. சுக்கினிக் காயைத் துருவித் தக்காளிச் சோஸில் கரைப்பது. பட்டாணியை அரைத்து அதற்கு டைனோசர் பசை என்று பெயர் வைப்பது. ஒரு பெண் பிள்ளை கரட்டைத் துண்டாக வெட்டினால் தொடமாட்டாள், நீளமாக வெட்டினால் நாலு சாப்பிடுவாள். பேசப்பேச ரோசாவின் கை தானாக அசைந்தது, கண் சுவரை விட்டு எங்களிடம் வந்தது. பிழைகள் இருந்தன. ஆனால் நாங்கள் மூவரும் அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"இதுதான் உங்கட விஷயம்" என்றாள் ஆரணி. "முன்னூறு பிள்ளைகளைக் காய்கறி சாப்பிடப் பண்ணுவது எப்படி. இங்கிலிஷில் இதுவும் கெட் தான். ஒருவரைக் கொண்டு ஒன்றைச் செய்விப்பது."

"ஐயோ, இன்னுமொண்டோ?" ரோசா தலையில் கை வைத்தார். "இது எத்தனை சாமான் செய்யும்? நான் எப்பிடி எல்லாத்தையும் ஞாபகம் வைக்கிறது?"

அதற்கு ஆரணி சொன்ன பதிலை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன்.

"ஞாபகம் வைக்கவேண்டாம் அன்ரி. இந்த வீட்டில் ஒரு சொல் இருக்கிறது. ‘எடு’. தட்டை எடு என்றால் தூக்குவது. ஆனால் அப்பா போனில் கோல் எடுப்பார், லீவு எடுப்பார், படம் எடுப்பார். அம்மாவுக்குப் பசி எடுக்கும். டாக்டர் இரத்தம் எடுப்பார். நான் ஒரு முடிவு எடுக்கவேண்டும் என்று இரண்டு பேரும் எப்போதும் சொல்வார்கள். பிறகு, மாமாவை லண்டனுக்கு எடுத்தார்கள்."

தமிழ்ச் சொற்களை அவள் அப்படியே தமிழில் சொன்னாள். கோல் எடு, பசி எடுக்குது, மாமாவை எடுத்தது. உச்சரிப்பு அச்சு அசல் வதனியுடையது.

"எனக்கு அப்போது ஐந்து வயது. மாமாவை எடுக்கோணும், மாமாவை எடுக்கோணும் என்று வீட்டில் ஒரே கதை. கடையில் மேல் தட்டிலிருந்து மா பக்கெட் எடுப்பதுபோல, எங்கேயோ ஓர் உயரமான தட்டில் மாமா இருக்கிறார், அப்பா ஏணி வைத்து இறக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் பிறகு அதுவாக விளங்கிவிட்டது. ஒருவரும் எனக்கு வரிசையாகச் சொல்லித்தரவில்லை. மாமா விமான நிலையத்தால் வந்தார், எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், சரி, இதுதான் எடுக்கிறது என்று தெரிந்துகொண்டேன். நீங்களும் டெபி சொல்லும்போது அந்த இடத்தைப் பாருங்கோ. தட்டு இருந்தால் தட்டு. அடுப்பு இருந்தால் அடுப்பு. முகம் கோபமாக இருந்தால் கோபம்."

ரோசா பலமாகச் சிரித்தார். "அப்ப உங்கட அப்பாவும் அம்மாவும் எல்லாத்தையும் ஒரு அறைக்குள்ளதான் வச்சிருக்கினம்."

மகளுக்கு மூன்று தமிழ்ச் சொல்தான் மிஞ்சியது என்று குறைப்பட்ட அதே வீட்டில், அவள் இவ்வளவு காலமும் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மாமா வந்த அன்றைக்கு நாங்கள் அழுததைக்கூடப் பார்த்து வைத்திருக்கிறாள். குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன். அங்கே வதனி கழுவி முடிந்த கோப்பையை இரண்டாம் தரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

5

வியாழன் காலை ரோசாவின் கணவர் லொறியோடு ஸ்கொட்லாந்துப் பக்கம் நின்றார். நான் லீவு எடுத்தால் சமையற்கூடத்தில் டெபி தனித்துப்போவார். ஆரணி பகல் ஷிப்டை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு, ஸ்ட்ரெதமிலிருந்து வந்து ரோசாவைப் பரீட்சை நடக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கேட்காமலே போனாள் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்றைக்கு நான் கஸ்டர்டைக் கருக்கிவிட்டேன். முன்னூறு பிள்ளைகளும் வெறும் கேக் சாப்பிட்டார்கள். டெபி கத்தவில்லை, அவரும் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டரை மணிக்கு ரோசா நேரே சமையற்கூடத்துக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. டைனோசர் பசைக்குப் பரீட்சகர் சிரித்தாராம். தன் மகனும் அப்படித்தான் என்று சொல்லி, சுக்கினியை எவ்வளவு துருவுவது என்று கேட்டாராம். பிறகு இரண்டாம் பகுதியில், தை மாதம் வந்த அதே கேள்வி வந்திருக்கிறது. லண்டனில் மற்றவர்களோடு ஒத்துப்போகிறீர்களா?

"பஸ்ஸைச் சொன்னீங்களோ?" என்றேன் பயத்தோடு.

"இல்லை. அவவின்ர முகத்தைப் பாத்தன். பஸ்ஸைப் பற்றிக் கேக்கிற முகம் இல்லை அது. உங்களைச் சொன்னன்."

"என்னை என்னெண்டு?"

"என்னோட வேலை செய்யிற ஒருத்தர் இருக்கிறார். எனக்கு இல்லாத ஒரு தோட்டத்தைப் பற்றி ஒரு மாதமாப் படிப்பிச்சவர். அவரோட நல்லா ஒத்துப்போகும் எண்டன்."

டெபி சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் முடிவு அன்றைக்குச் சொல்லமாட்டார்கள். அடுத்த கிழமை மின்னஞ்சலில் வரும் என்றார்கள். அந்த நாட்களில் ரோசா வழக்கம்போலப் பானை கழுவினார். கெட் என்ற சொல்லை டெபி உட்பட நாங்கள் ஒருவரும் அவருக்கு முன்னால் சொல்லவில்லை. டெபிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்திருந்தால் உங்களுக்கும் பாவமாக இருந்திருக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் நடுவில் வாயைத் திறந்து, நிறுத்தி, கையால் காட்டினார்.

ஆரணி ஒவ்வொரு மாலையும் கோல் எடுத்தாள். முடிவு வந்துவிட்டதா என்று கேட்கத்தான் எடுத்தாள், ஆனால் அதோடு வைக்கவில்லை. தன் வீட்டு எலி, சிநேகிதியின் புதுக் காதலன், மேலதிகாரியின் குணம் என்று கதை நீண்டது. பாதி இங்கிலிஷ், பாதி தமிழ். தமிழில் பிழை விட்டால் நான் திருத்தவில்லை.

6

செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்குப் போனபோது ரோசா எனக்கு முன்னால் வந்துவிட்டார். வழக்கமாக அவர் பிந்தித்தான் வருவார். பின்வாசலில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். கையில் இரண்டு சின்னச் சாடிகள். பார்க்கிங் சந்தையில் வைகாசியில் விற்கிற மிளகாய்க் கன்றுகள். ஒவ்வொன்றிலும் ஆறேழு இலை.

நான் கேட்கவில்லை. அந்தச் சாடிகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மண் உள்ள சாமான் ஒன்றும் வாங்காதவர்.

"ராத்திரி வந்தது" என்றார். "பாஸ்."

தலையை ஆட்டினேன். ஒரு சாடியை என் கையில் வைத்தார்.

"இது உங்கட. மற்றது என்ர ஜன்னலுக்கு. பரீட்சையில உண்மையைச் சொல்லிப் பாஸ் பண்ணீட்டன். ஆனா ஒரு மாதமா உங்களோட சேந்து பொய்த் தோட்டம் பாடமாக்கினன். அது எனக்கு ஒரு மாதிரிக் கிடந்தது. இனி அதுவும் பொய் இல்லை."

"ரெண்டு கிழமையால சாடியை மாத்தோணும்" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே தோட்டச் செய்தி அது, அதுவும் வதனி சொன்னது. "வேர் இறங்க இடம் காணாது."

"மாத்துவன்" என்றார் ரோசா. "எனக்கு நேரம் இருக்கு."

செய்தியை முதலே கேட்டுவிட்ட டெபி உள்ளேயிருந்து கதவைத் திறந்து கூப்பிட்டார். தட்டுகளை எடு, அடுப்பைப் போடு, சீக்கிரம் வா, எல்லாம் அந்த ஒரே சொல்லில், இத்தனை நாளும் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து. ரோசா தன்னுடைய சாடியை வெயில் படுகிற ஜன்னல் விளிம்பில் வைத்து, கோப்பையில் தண்ணீர் பிடித்து ஊற்றிவிட்டு, தட்டுகளை எடுக்கப் போனார்.